வயலுக்கு ஆகாத மிளகாய்

பச்சை மிளகாயைக் கொசுறாகக் கேட்டால் எந்தக் காய்கறிக் கடையிலும் நாலைந்து அள்ளிப் போடுவார்கள். காந்தாரியைக் கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் முறைப்பார். கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் காந்தாரி என்றும், தமிழ்நாட்டின் வேறு சில பகுதிகளில் ஊசி மிளகாய் என்றும் பெயர் பெற்ற இந்தக் குட்டிக் காய், சில பருவங்களில் கிலோ பல நூறு ரூபாய்க்குப் போகிறது. அதன் விலையில் பெரும்பங்கு பறிக்கிற கூலி. காயின் நீளம் ஓர் அங்குலத்தைத் தாண்டுவது அபூர்வம். ஒரு கிராமுக்கு இரண்டு மூன்று நிற்கும். ஒரு கிலோ சேர வேண்டுமானால் இரண்டாயிரம் மூவாயிரம் தடவை விரல் செடிக்குள் போய் வர வேண்டும். அதுவும் எல்லாக் காயும் ஒரே நாளில் முற்றாது. ஒரே கிளையில் பூ, பிஞ்சு, பச்சை, பழம் நான்கும் இருக்கும். ஏக்கர் கணக்கில் பயிர் செய்கிறவருக்கு இது கட்டுப்படியாகாது. வீட்டுக் கொல்லையிலோ கணக்கு தலைகீழ்: சம்மந்திக்கு (துவையலுக்கு) வேண்டிய பத்துக் காயைப் பறிக்க அரை நிமிடம் போதும், ஒரே செடியில் தினமும் கொஞ்சம் பழுப்பதுதான் அங்கே வசதியும்கூட. வீட்டில் மிளகாய் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் விதைக் கடையில் வயல் ரகப் பொட்டலத்தைத் தேடிப் போகிறார்கள். வயல் கழித்துக் கட்டிய காந்தாரியே அவர்களுக்குப் பொருத்தமான செடி என்பது என் வாதம்.

இதற்கு மறையூரை உரைகல்லாக வைத்துப் பார்க்கலாம். மூணாறிலிருந்து உடுமலைப்பேட்டை சாலையில் நாற்பது கிலோமீட்டர் சொச்சம் இறங்கினால் வருகிற ஊர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பக்கம். மூணாறில் ஆண்டு மழை மூவாயிரம் மில்லிமீட்டரைத் தாண்டும். மறையூரைக் கடந்து சின்னாருக்கு இறங்கினால் ஐந்நூறு மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். ஒரே பேருந்துப் பயணத்துக்குள் ஈரமும் வறட்சியும் இப்படி முகம் மாறுகிற இடம் தென்னிந்தியாவில் அதிகம் இல்லை. பாம்பாறு இங்கே கிழக்கு நோக்கி ஓடி அமராவதியில் கலக்கிறது. பேச்சிலும் பாதி தமிழ்தான். ஊரின் பெயர் பெற்ற விளைச்சல் கரும்பும் அதன் உருண்டை வெல்லமும் (2019இல் புவிசார் குறியீடு வாங்கியது), அப்புறம் சந்தனம். மேலே காந்தளூர், வட்டவடை என்று ஏறினால் பூண்டு. அந்தப் பட்டியலில் மிளகாய்க்கு இடமில்லை. சந்தைக்குப் போகிற பயிராக இல்லாமல் அடுப்படிக்குப் பக்கத்துச் செடியாக இருப்பதுதான் காந்தாரியின் இயல்பு. பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கம் உள்ள வறண்ட மண்ணுக்கும், மழை கொட்டும் இடுக்கியின் மேற்குச் சரிவுக்கும் இரண்டுக்கும் பொதுவாக ஒரு மிளகாயைச் சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்ல முடியும். வளர்க்கிற விதம்தான் இடத்துக்கு இடம் மாறும்.

மறையூர்ச் சந்தனக் காட்டுக்கும் காந்தாரிக்கும் ஒரு பொதுவான தோட்டக்காரர் உண்டு: பறவை. சந்தனப் பழத்தை விழுங்கி விதையை வேறொரு மரத்தடியில் போட்டுவிட்டுப் போவது குயிலும் சின்னானும் மைனாவும்தான். காந்தாரியும் அப்படியே பரவுகிறது. வயல் மிளகாய் பெரும்பாலும் கீழ்நோக்கித் தொங்கும், இலைக்குள் ஒளியும், காம்பை விட்டு எளிதில் வராது. காந்தாரி வானம் பார்த்து நிற்கும். பழுத்தால் செக்கச்செவேல் என்று இலைக்கு மேலே தெரியும். தொட்டால் பழம் மட்டும் கழன்று வரும், காம்பு செடியிலேயே நிற்கும். கொத்தி எடுக்க வருகிற அலகுக்காகவே அமைந்த காய் இது. காரம் மட்டும் பறவைக்கு ஏன் உறைக்கவில்லை என்ற கேள்விக்கு விடை கிடைத்தது அண்மைக் காலத்தில்தான். நம் நரம்பில் சூட்டை உணர்கிற ஒரு வாயில் புரதத்தை மிளகாயின் காரப் பொருளான காப்சைசின் திறந்துவிடுகிறது என்பதை 1997இல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் கண்டுபிடித்தார்கள். 2021இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் இந்த வழியில் நடந்த ஆராய்ச்சிக்காகவே. மிளகாய் தின்றால் ‘எரிகிறது’ என்று நாம் சொல்வது உவமை அல்ல, நரம்பு மூளைக்கு அனுப்புகிற சேதியே அதுதான். பறவைகளிடமும் அந்தப் புரதம் உண்டு, ஆனால் காப்சைசினுக்கு அது அசைந்து கொடுப்பதில்லை. 2001இல் டியூக்ஸ்பரி, நப்ஹான் என்ற ஆய்வாளர்கள் அரிசோனாவின் காட்டு மிளகாயை வைத்து இதைக் களத்தில் சோதித்தார்கள்: எலி வகைகள் காரக் காயை ஒதுக்கின, அவை தின்றால் விதை அரைபட்டு வீணாகும். பறவை வயிற்றைக் கடந்த விதையோ முளைத்தது. விதையைக் கெடுக்கிறவனைத் துரத்தி, விதைக்கிறவனை அழைப்பதற்கான ஏற்பாடுதான் காரம்.

கொல்லைக்காரருக்கு இதில் இரண்டு லாபம். முதலாவது, குரங்கும் காட்டுப்பன்றியும் புகுந்து எதையும் மிச்சம் வைக்காத மலையோர ஊர்களில், நாலு கால் பிராணி வாய் வைக்கத் தயங்குகிற செடி ஒன்று கொல்லையில் நிற்கிறது. (யானையை மிளகாயால் தடுக்கலாம் என்று ஆப்பிரிக்காவில் கயிற்றில் மிளகாய்ப் பசை தடவிப் பார்க்கிறார்கள், நாலு காந்தாரிச் செடியை வைத்துக்கொண்டு அந்த நம்பிக்கையெல்லாம் வேண்டாம்.) இரண்டாவது, நாற்று சும்மா கிடைக்கும். வேலிக் கம்பிக்கு அடியிலும், கொய்யா மரத்தடியிலும், பறவை உட்காருகிற இடமெல்லாம் கன்று முளைத்திருக்கும். நாலைந்து இலை விட்டதும் தாய்மண்ணோடு பெயர்த்து, மாலை வேளையில் நட்டால் போதும். கன்று கிடைக்காதவர்கள் நன்றாகப் பழுத்த காயைக் கீறி விதையெடுத்து, கழுவி, நிழலில் உலர்த்தி, சூடோமோனாஸ் என்ற நன்மைப் பாக்டீரியாக் கரைசலில் சற்று ஊறப்போட்டு விதைக்கலாம். வயல் மிளகாய் எட்டுப் பத்து நாளில் தலைகாட்டும். காந்தாரி இரண்டு மூன்று வாரம்கூட எடுத்துக்கொள்ளும். முளைக்கவில்லை என்று மண்ணைக் கிளறிப் பார்த்துக் கெடுக்கிறவர்கள்தான் அதிகம். காந்தளூர் உயரத்தில் மார்கழிக் குளிரில் விதைத்தால் இன்னும் தாமதமாகும். அடுப்படிச் சுவரை ஒட்டிக் கதகதப்பான இடத்தில் தட்டை வைத்தால் அந்தக் குறை தீரும்.

வயல் மிளகாயை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாதா என்று கேட்கலாம். கொண்டுவரலாம், ஆனால் அதனுடைய சீக்குகளும் கூடவே வரும். மிளகாய் வயல் எப்படிப்பட்ட போர்க்களம் என்பதற்கு இரண்டு சம்பவம் போதும். 2014இல் பூச்சிமருந்து எச்சத்தைக் காரணம் காட்டி இந்தியப் பச்சை மிளகாய் இறக்குமதியைச் சவூதி அரேபியா நிறுத்தி வைத்தது. 2021இல் ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் வெளிநாட்டிலிருந்து வந்தேறிய ஒரு கறுப்பு இலைப்பேன், பூவுக்குள் புகுந்து லட்சக்கணக்கான ஏக்கர் மிளகாயை அழித்தது. எந்த மருந்துக்கும் அது எளிதில் மசியவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே பயிர், ஒரே வயது, ஒரே சமயத்தில் பூ என்று நிற்கிற இடத்தில் பூச்சிக்குக் கல்யாணச் சாப்பாடுதான். கொல்லையில் வாழை, கறிவேப்பிலை, சேம்புக்கு நடுவே இரண்டு மிளகாய்ச் செடியைத் தேடிப் பிடிப்பது அதற்குச் சிரமம். ஆனால் காந்தாரிக்குச் சீக்கே வராது என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். இலை சுருட்டல் இதற்கும் வரும். வந்தால் முதலில் இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஓரம் மேல்நோக்கி மடிந்து தோணிபோல் இருந்தால் இலைப்பேன். கீழ்நோக்கி மடிந்து, காம்பு நீண்டு, கவிழ்த்த தோணிபோல் இருந்தால் சிலந்திப்பேன். இலையெல்லாம் சிறுத்து, கொத்தாகக் கூடி, செடியே குட்டையாகிவிட்டால் வெள்ளை ஈ கொண்டுவந்த நச்சுயிரி. அதற்கு மருந்து கிடையாது, பிடுங்கி எரிப்பதுதான் வழி. முன்னிரண்டுக்கும் கேரளக் கொல்லைகளில் புழங்குகிற வேப்பெண்ணெய்–பூண்டுக் கரைசல் போதும்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி வேப்பெண்ணெய், 20 கிராம் பூண்டு, நாலைந்து கிராம் சலவை சோப்பு. வட்டவடைப் பூண்டு கிடைக்கிற ஊரில் அதை மருந்துக்கு அரைக்க யாருக்கும் மனசு வராது. சாதாரணப் பூண்டே வேலை செய்யும். இலையின் அடிப்பக்கம் நனையும்படி, வெயில் தாழ்ந்தபின் தெளிக்க வேண்டும். மேலாகத் தெளித்துவிட்டு மருந்து கேட்கவில்லை என்று சொல்வதில் நியாயமில்லை.

இலையைவிட வேர்தான் மலையாளக் கரையில் பெரிய பிரச்சினை. மழை நீர் தேங்கிய புளித்த மண்ணில் பாக்டீரியா வாடல் நோய் மிளகாயை ஒரே வாரத்தில் சாய்த்துவிடும். காலையில் பச்சையாக நின்ற செடி மதியத்துக்குள் தொங்கிப்போகும், இலை மஞ்சளாகக்கூட நேரமிருக்காது. சந்தேகமானால் தண்டை அடியில் வெட்டி, கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் முனையை மட்டும் நனைத்துப் பிடியுங்கள். பால்போல ஒரு கோடு மெல்லக் கீழே இறங்கினால் அது வாடல்தான். கேரள வேளாண் பல்கலைக்கழகம் இதற்கென்றே தாங்குதிறன் உள்ள உஜ்ஜ்வலா என்ற ரகத்தை வெளியிட்டது. கொத்துக் கொத்தாகக் காய்க்கிற நல்ல ரகம். என் வாதத்துக்கு வரக்கூடிய வலுவான மறுப்பும் அதுதான். ஈரப் பக்கத்தில், பச்சை மிளகாயே வேண்டும் என்பவர் அதை வைப்பதில் தப்பில்லை. ஆனால் அது ஓராண்டுக் கணக்கு. காந்தாரியை மேட்டுப் பாத்தியிலோ குரோ பேக்கிலோ வைத்து, மண்ணில் கொஞ்சம் சுண்ணாம்பு கலந்து, தக்காளியும் கத்தரியும் இருந்த இடத்தைத் தவிர்த்துவிட்டால், நாலைந்து ஆண்டு ஒரே இடத்தில் புதராக நிற்கும். தொடர் மழை நாட்களுக்குக் கேரளத்தில் பிளாஸ்டிக் தாள் போட்ட ‘மழைமற’ என்ற கூரைக் கொட்டகை கட்டுகிறார்கள். மறையூருக்கு மலையே அந்தக் கூரையைப் போட்டுக் கொடுத்திருக்கிறது. அங்கே கவலை வேறு: தண்ணீர்.

வறட்சியில் விட்டால்தான் காரம் ஏறும் என்பது பரவலான நம்பிக்கை. காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட வேண்டும் என்று நெல்லுக்குச் சொன்னதை மிளகாய்க்கும் நீட்டிவிட்டார்கள் போலும். காரம் குறைந்த சில வயல் ரகங்களில் தண்ணீர்ப் பஞ்சம் காரத்தைக் கூட்டுவது உண்மைதான். காட்டு மிளகாயில் கதை வேறாக இருக்கிறது. பொலிவியாவின் காட்டு மிளகாய் இனம் ஒன்றில் காரச் செடியும் காரமில்லாச் செடியும் கலந்தே வளர்கின்றன. ஆராய்ந்தவர்கள் கண்டது என்னவென்றால், ஈரம் மிகுந்த பக்கம் போகப் போகக் காரச் செடிகள் பெருகின, வறண்ட பக்கம் காரமில்லாதவை பெருகின. ஈரத்தில் பூசணம் விதையைத் தாக்கும். காப்சைசின் அந்தப் பூசணத்தைத் தடுக்கும். அதற்கு விலையும் உண்டு: 2012இல் வெளியான தொடர் ஆய்வில், தண்ணீர் குறைந்தபோது காரச் செடிகள் மற்றவற்றில் ஏறக்குறையப் பாதி விதைதான் பிடித்தன. காந்தாரி வேறு இனம், அந்த முடிவை அப்படியே இதன் தலையில் கட்ட முடியாது. என்றாலும், தாகத்தில் வாட்டுவதால் காந்தாரிக்கு நன்மை என்று நினைக்க ஆதாரமில்லை. ஏற்கெனவே நாக்கைப் பொசுக்குகிற காய்க்கு இன்னும் காரம் கூடி என்ன ஆகப்போகிறது? வறண்ட பக்கத்தில் பூ உதிர்ந்து காய் குறைவதுதான் உண்மையான நஷ்டம். ஆகவே மறையூரிலும் பாலக்காட்டின் கிழக்கு ஓரத்திலும் இதற்குத் தோதான இடம் துவைகல் தண்ணீர் ஓடுகிற வாழையடி. பாலக்காட்டுக் கணவாய் வழியே பங்குனி சித்திரையில் வெயில் 38 டிகிரியைத் தாண்டும்போது வயல் மிளகாயின் பூ கொட்டும். வாழையின் அரை நிழலில் காந்தாரி அந்தக் காலத்தைத் தாண்டிவிடும். முழு வெயில் இல்லாத மொட்டை மாடி மூலைக்காரர்களுக்கும் இது ஆறுதலான செய்தி. துவைகல் தண்ணீரின் சோப்பு நுரை மட்டும் நேரடியாக வேரில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நட்டு நாலைந்து மாதத்தில் பறிப்பு தொடங்கும். எப்போது பறிப்பது என்பது என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பச்சையாக முற்றி, விரலால் அழுத்தினால் கெட்டியாக இருக்கும் பருவம் மோருக்கும் சம்மந்திக்கும். அப்போது அதன் தனி வாசம் தூக்கலாக இருக்கும். பழுத்த சிவப்பு உலர்த்தவும் விதைக்கவும். சில வீடுகளில் காயே வெண்ணிறமாக இருக்கும் வெள்ளைக் காந்தாரியும் உண்டு. அது முற்றியதை நிறத்தால் அறிய முடியாது, தடவிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பச்சைக் காயை இழுத்துப் பறித்தால் சிறு கிளையே முறிந்து வரும்; நகத்தால் காம்போடு கிள்ள வேண்டும். அதிகம் பறிக்கிற நாளில் உள்ளங்கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வது நல்லது. காப்சைசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். எரிகிற கையைக் குழாயடியில் நீட்டி வெறும் தண்ணீர் ஊற்றினால் பலனில்லை. எண்ணெய் தேய்த்துச் சோப்புப் போட வேண்டும். வாய் எரிந்தால் பாலோ தயிரோ. காரம் விதையில் இருப்பதாக நினைத்து விதையைத் தட்டிவிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: விதை ஒட்டிக்கொண்டிருக்கிற வெள்ளைச் சதையில்தான் அது சுரக்கிறது, விதைமேல் படுவது அங்கிருந்து ஒழுகியதுதான். பெரிய மிளகாயில் அந்தச் சதையைச் சீவி எறியலாம். காந்தாரியில் அப்படிச் சீவ இடமே இல்லை. முழுசாகப் போட்டு, வேண்டிய காரம் இறங்கியதும் எடுத்துவிடுவதே வழி.

அன்றாடச் சமையலுக்கு இது உதவாதே என்பது நியாயமான ஆட்சேபம். சாம்பார்ப் பொடிக்கும் வத்தக்குழம்புக்கும் காந்தாரி ஆகாது. தோல் மெல்லியது, சதையில்லை, நிறம் தராது. ஆனால் அந்த வேலைக்கு வீட்டுத் தோட்டமே ஆகாது. ஒரு குடும்பத்தின் ஆண்டு வற்றலுக்கு வேண்டிய செடிகளை எத்தனை தொட்டியில் வைப்பது? அதற்கு இராமநாதபுரம் குண்டு மிளகாயும் விருதுநகர் சம்பா வற்றலும் இருக்கின்றன. கரிசல் வெயிலில் காய்ந்து, 2023இல் புவிசார் குறியீடும் வாங்கியவை. அவற்றோடு போட்டி போடுவது கொல்லையின் வேலை அல்ல. பறித்த அரைமணி நேரத்தில் உரலில் விழ வேண்டிய காயைத் தருவதுதான் அதன் வேலை. சின்ன வெங்காயம், கல்லுப்பு, நாலு காந்தாரி, இடித்தபின் ஒரு கரண்டி பச்சைத் தேங்காய் எண்ணெய். பக்கத்தில் வேகவைத்த கப்பைக் கிழங்கு. இஞ்சி, கறிவேப்பிலையோடு நசுக்கி நீர்மோரில் போட்டால் சம்பாரம். இவற்றில் கடைக் குளிர்பெட்டியில் நாலு நாள் கிடந்த மிளகாய் அந்த வாசத்தைத் தராது.

காரம்தான் வேண்டுமென்றால் உலகச் சாதனை மிளகாய்களை வளர்க்கலாமே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். வடகிழக்கின் பூத் ஜோலோக்கியா 2007இல் காரத்தை அளக்கிற ஸ்கோவில் அலகில் பத்து லட்சத்தைத் தாண்டிக் கின்னஸில் ஏறியது. 2023இல் பெப்பர் எக்ஸ் இருபத்தாறு லட்சத்தைத் தாண்டியது. ஊசி மிளகாய் வகைகள் ஐம்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சம் வரைதான். ஆனால் ஒரு காயைப் பத்துப் பேர் நாலு நாள் தின்றாலும் தீராத காரம் கொண்ட செடியை வீட்டில் வைத்து என்ன செய்வது? பத்துக் காயைப் பறித்துப் பத்தும் செலவாகிற காரம்தான் வீட்டுக் காரம். கொழுப்பைக் கரைக்கும், ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்று காந்தாரிக்குப் பட்டம் கட்டுகிறவர்களையும் இதே இடத்தில் நிறுத்த வேண்டும். தினம் இரண்டு காய் மென்றால் மாத்திரையை விடலாம் என்பதற்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. வயிற்றுப்புண் உள்ளவருக்கு அது வேதனைதான். நம் நாட்டுப் பாரம்பரியக் காய் என்ற பெருமையும் பாதிதான் சரி. எல்லா மிளகாயும்போல இதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் கப்பலோடு வந்த வழியில் வந்தது. மிளகுபோல் உறைத்ததால் மிளகாய் ஆனது. இலங்கைத் தமிழர் வாயில் வழங்கும் கொச்சிக்காய் என்ற பெயர் கொச்சித் துறைமுகத்தை நினைவூட்டுகிறது. வந்தபின் மனிதரைக் கேட்காமல் வேலியோரம் குடியேறியதில் வேண்டுமானால் இது மற்ற மிளகாய்களை முந்திக்கொண்டது.

தேவைக்கு மேல் காய்க்கிற மாதங்கள் வரும். உப்பும் காடியும் கலந்த தண்ணீரில் போட்டு வைக்கலாம். புளித்த மோரில் உப்பிட்டு ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, மறுபடி ஊறவைத்துக் காயவைத்து மோர்மிளகாய் போடலாம். மறையூர் வெயிலுக்கு அது சீக்கிரமே உலரும், மூணாறுச் சாரலில் பூசணம் பிடிக்கும். காய்ப்பு ஓய்ந்ததும், மழை தொடங்குமுன் கிளைகளில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி, தூரில் மக்கிய சாணமும் சாம்பலும் போட்டால் புதுத் தளிர் விட்டு மறுபடி பூக்கும். மூன்றாம் நான்காம் ஆண்டில் தண்டு கட்டையாகி, காய் சிறுத்துக் குறையத் தொடங்கும்போது நாற்றுக்கு எங்கும் அலைய வேண்டாம். உச்சிக் கிளையில் எட்டாமல் விட்டுவைத்த பழங்களைக் கொத்தியவை உட்கார்ந்து போன இடத்தில், வேலிக்கடியில் பார்த்தால் போதும், அடுத்த செடி நாலு இலையோடு நிற்கும்.